அரிய நோயா? அடுத்த வீட்டு நோயா?

நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் புரண்டுவரும் பொய்கள் பல உள. அவற்றுள் ஒன்றை இன்று சந்திக்கு இழுத்து நிறுத்த விரும்புகிறோம். "மூளைக் கோளாறு எங்கோ பதினாயிரத்தில் ஒருவருக்கு வருவது, நம் குடும்பத்தில் அது கிடையாது, நம் லயத்திலும் கிடையாது" என்பதே அப்பொய். இதனைச் சொல்லாத வீடு தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. சொல்லுகிறவர்கள் மனமறிந்து பொய் சொல்பவர் அல்லர்; தாம் நம்புவதையே சொல்லுகின்றனர். ஆயினும் நம்பிச் சொன்னாலும் பொய் பொய்தானே! அதுவும் இஃது உயிரைக் குடிக்கும் பொய்.

மனநோய்கள் பலவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். இருமுனைக் கோளாறு என்பது அதன் பெயர். பட்டணத்து இளைஞர்க்குப் 'பைப்போலார்' என்றால் விளங்கும். மனிதர் மனம் இயல்பாகவே ஏறும், இறங்கும். காலையில் சினந்தவர் மாலையில் சிரிப்பார். அது நோயன்று. நம் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் நண்பன் சற்று முகம் மாறினாலும் "அவன் பைப்போலார்" என்று கேலி பேசித் திரிகின்றனர். அவர்களுக்கும் நோயின் உண்மை தெரியாது. லயத்துக் கிழவிக்கும் தெரியாது. இருவரிடமும் உள்ளது ஒரே அறியாமைதான். ஒன்று ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

நோயாவது யாது? அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று எழுச்சி. ஒருவர் ஒரு வாரமோ அதற்கு மேலோ உறக்கமே வேண்டாதவராகிறார். இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் களைப்பு இல்லை. பேச்சு வெள்ளம்போல் ஓடுகிறது. எண்ணங்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. தம்மை வெல்வார் எவருமில்லை என்று தோன்றுகிறது. கையிலுள்ள பணம் கரைகிறது. இல்லாத பணம் கடனாக வருகிறது. தடுத்தவர்மேல் சீற்றம் பாய்கிறது. முற்றினால், இல்லாத குரல் கேட்கும். தாம் தெய்வப் பிறவி என்றும், பிறர் தம்மைக் கொல்லச் சூழ்கின்றனர் என்றும் நம்பிக்கை பிறக்கும். மற்றொரு முகம் சோர்வு. அதே மனிதர் வாரக்கணக்காக, சிலபோது மாதக்கணக்காகப் பாயை விட்டு எழார், உண்ணார், பேசார், தாம் பூமிக்குப் பாரம் என்றே நினைப்பார். இவ்விரண்டுக்கும் இடையே பலர் தெளிந்து, உங்களையும் எங்களையும் போலவே உழைத்து வாழ்வர். எழுச்சி கடுமையாக வருவது முதல் வகை. எழுச்சி மிதமாகவும் சோர்வு ஆழமாகவும் வருவது இரண்டாம் வகை.

நிற்க. இந்நோய் எத்தனை பேருக்கு உண்டு? இங்கேதான் நம்மவர் பொய் முதலில் உடைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ஆம் ஆண்டில் இந்நோயுடன் வாழ்ந்தோர் 4 கோடிப் பேர். வயது வந்தோர் 150 பேரில் ஏறத்தாழ ஒருவர். இஃது அவ்வாண்டில் நோயுடன் இருந்தோர் தொகை. வாழ்நாளில் ஒரு முறையேனும் நோய்ப்பட்டோரை எண்ணினால் தொகை இன்னும் ஏறும். 11 நாடுகளில் 61,392 பேரை வினவி, 2011-இல் வெளியிடப்பட்ட கணக்கில், முதல் வகை நூற்றுக்கு 0.6, இரண்டாம் வகை 0.4, இவற்றைவிட இலேசான வடிவம் 1.4, ஆக நூற்றுக்கு 2.4.

அந்நிய நாட்டுக் கணக்கு நமக்கெதற்கு என்பீரேல், அருகில் வருவோம். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2010-இல் 6,616 பேரை வினவியது. வாழ்நாளில் இந்நோய் கண்டோர் நூற்றுக்கு 1.2. அக்கழகமே 2016-இல் 6,126 பேரை வினவியது, நூற்றுக்கு 1.6. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில் நூற்றுக்கு 0.5.

இவ்வெண்களைத் திருமண மண்டபத்திற்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பந்தியில் பெரியவர் 500 பேர் அமர்ந்திருக்கின்றனர் என்று கொள்வோம். இந்தியக் கணக்கின்படி அவர்களுள் இரண்டு அல்லது மூன்று பேர், சிங்கப்பூர்க் கணக்கின்படி எட்டுப் பேர், வாழ்நாளில் என்றேனும் இந்நோயைக் கண்டவராயிருப்பர். வாழ்த்திப் பேசுகிறவர் அவ்வெட்டில் ஒருவராயிருக்கலாம். பரிமாறுகிற பெண் ஒருத்தியாயிருக்கலாம். மணமகனின் தாய்மாமன் ஒருவராயிருக்கலாம். பதினாயிரத்தில் ஒருவர் என்ற பேச்சு எங்கே? பந்திக்கு எட்டுப் பேர் என்ற உண்மை எங்கே?

"அவ்வாறாயின் அந்த எட்டுப் பேரை நாங்கள் ஏன் கண்டதில்லை?" என்று கேட்பீர்கள். நன்றாகக் கேட்டீர்கள். நீங்கள் கண்டிருக்கிறீர்கள், பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறீர்கள். எழுச்சியில் மூன்று வாரம் உறங்காமல் ஆடிய பெண்ணுக்குப் 'பேய் பிடித்தவள்' என்று பெயர். இரவெல்லாம் உரக்கப் பேசி, வீட்டுப் பணத்தை வாரி இறைத்த இளைஞனுக்குத் 'திமிர் பிடித்தவன்' என்று பெயர். அதே இளைஞன் சோர்வில் கிடந்தால் 'சோம்பேறி'. தன் வேதனையைச் சம்சுவில் நனைக்கும் தகப்பனுக்குக் 'குடிகாரன்'. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் மனம் கலங்கியவளுக்குச் 'செய்வினை'. நோய் ஒன்று, பெயர் ஐந்து! ஐந்து பெயரிலும் அந்நோயின் உண்மைப் பெயர் இல்லை. ஐந்து ஏட்டில் பிரித்தெழுதிய கடன் சிறிதாகத்தானே தோன்றும்?

தோட்டத்துச் செக்ரோலைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் தொடர்ந்து மூன்று வாரம், ஞாயிறும் விடாமல், இருவர் வேலையை ஒருவராகச் செய்திருப்பார். செம்பனைக் குலை எண்ணிக்கை மலைக்கச் செய்யும். அதன்பின் ஆறு வாரம் 'வரவில்லை' என்னும் குறி வரிசையாக நிற்கும். ஏடு அதற்குமேல் எதையும் சொல்லாது. முன்னதற்கு மண்டோர் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். பின்னதற்கு நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கும். இவ்வாறு வேலைக்கு வராதவரெல்லாம் நோயாளர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அவ்வேற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே மனிதரின் ஒரே வரலாறாகப் படிக்க ஒருவரும் இல்லாமற் போவதை என்னென்பது?

இனி, "இது வெள்ளைக்காரன் நோய், பணக்காரன் நோய், வயிறு நிறைந்தவனுக்கு வருவது" என்பார் கட்சிக்கு வருவோம். இக்கட்சி பழையது. எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு முகமெனத் தம் நூலில் 1899-இல் வகுத்தவர் ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரெப்பலின். அவர் 1904-இல் நம் அண்டையிலுள்ள ஜாவாவுக்கு வந்து, இன்று போகோர் எனப்படும் ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்வையிட்டார். தம் நாட்டில் கண்ட நோய்களையே அங்கும் கண்டார். சோர்வு மட்டும் குறைவாகத் தோன்றிற்று. கீழ்நாட்டார்க்கு ஆழ்ந்த துயரம் வாராது என்ற எண்ணம் மேல்நாட்டாரிடையே நெடுநாள் உலவியதற்கு இத்தகைய காட்சிகளே துணைநின்றன. சற்றே சிந்தியுங்கள்! பூட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறவன் யார்? ஊரைக் கூட்டிக் கூச்சலிட்டவன். குடிசை மூலையில் சத்தமின்றி அழுதவனை யார் வண்டியேற்றி அனுப்பினார்கள்? சத்தத்தை மட்டும் எண்ணினால் சோர்வு குறைவாகத்தான் தெரியும். அன்று வெள்ளையர் பார்வைக்கு நேர்ந்த அதே குறை இன்று நம் பார்வைக்கும் இருக்கிறது. ஊரறியக் கத்தினால்தான் நோய் என்கிறோம். மற்றதெல்லாம் நம் கண்ணில் படுவதில்லை.

மேற்சொன்ன 11 நாட்டுக் கணக்கில் அமெரிக்காவில் நூற்றுக்கு 4.4 என்றும், இந்தியாவில் 0.1 என்றும் வந்தது. இதனைக் காட்டி "பார்த்தீர்களா, நமக்குக் குறைவு" என்று மகிழ்வாரும் உளர். அந்த இந்தியக் கணக்கு எடுக்கப்பட்ட இடம் புதுச்சேரி. முன்பின் அறியாத ஒருவர் தாளும் எழுதுகோலுமாக வாசலில் நின்று, "உமக்கு எப்போதேனும் புத்தி மிதமிஞ்சி ஓடியதுண்டா?" என்று வினவினால், உள்ளே கல்யாணத்துக்குப் பெண் நிற்கும்போது, எந்தத் தமிழ்த் தகப்பன் "ஆம்" என்பான்? பின்னர் வந்த நிம்ஹான்ஸ் கணக்கில் அதே இந்தியாவில் நூற்றுக்கு 0.5 வந்ததைக் காண்க. கேள்வியும் முறையும் மாறினால் விடையும் மாறுகிறது. விடை மாறுவதால் நோயாளர் தொகை மாறிவிடுமா?

இன்னொன்றும் கேளுங்கள். சிங்கப்பூரின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றுள் ஒன்றைப் பேச வல்லாரே வினவப்பட்டனர். தமிழ் அம்மூன்றனுள் இல்லை. ஆங்கிலமும் மலாயும் அறிந்த தமிழர் எண்ணிக்கையில் சேர்ந்தனர். தமிழ் ஒன்றே அறிந்த பாட்டி எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. மலேசியாவிலோ தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு மனச்சோர்வை அளந்து சொல்லியிருக்கிறது: 2019-இல் நூற்றுக்கு 2.3, 2023-இல் 4.6. சோர்வைப் பற்றிய வினாக்கள் எழுச்சியைக் காட்டா. இருமுனைக் கோளாறுடையவர் சோர்வில் இருக்கும் வாரத்தில் அவ்வினாக்களுக்கு விடையளித்தால், வெறும் சோர்வு நோயாளராகவே எண்ணப்படுவார். இவ்வாறு வீட்டிலும் மறைத்தோம், ஏட்டிலும் மறைந்தோம்.

நோய் யாரைப் பிடிக்கிறது? சாதி கேட்டுப் பிடிப்பதில்லை. சம்பளம் கேட்டுப் பிடிப்பதில்லை. முதல் வகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழச் சமமாகவே வருகிறது. இரண்டாம் வகை பெண்களிடம் சற்று மிகுதி. பெரும்பாலும் தலைகாட்டும் பருவம் பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள். அதாவது, பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் பருவம். முதல் சம்பளம் வாங்கும் பருவம். பெண் பார்க்கும் பருவம். ஒரு குடும்பம் தன் நம்பிக்கையெல்லாம் எந்த வயதில் குவித்து வைக்கிறதோ, அந்த வயதிலேயே இது கதவைத் தட்டுகிறது. "படித்துப் படித்துப் பைத்தியமானான்" என்கிறோம். படிப்பு அவனைக் கெடுக்கவில்லை. உறக்கம் கெட்டதே நோய்க்கு வழிகாட்டியது. உறங்காத இரவுகள் எழுச்சியைத் தூண்டும் என்பது வைத்தியம் கண்ட உண்மை. தொழிற்சாலையில் வாரந்தோறும் மாறும் இரவு வேலைக்குப் போகும் நம் பட்டணத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவித்த தாய்க்கு, குறிப்பாக முன்னரே இந்நோய் கண்டவளுக்கு, பிள்ளைப்பேற்றை அடுத்த வாரங்கள் மிக ஆபத்தானவை. அவளை இருட்டறையில் வைத்து வேப்பிலை அடிப்பவர், தாயையும் சேயையும் ஒருங்கே பணயம் வைக்கின்றனர்.

பரம்பரை உண்டா? உண்டு. மறைக்கமாட்டோம். பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று வரை. தரகர் இதனைக் கேட்டவுடன் சம்பந்தத்தை முறிக்கிறார். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாராது என்று அவருக்கு எண்ணத் தெரியவில்லை போலும்! நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் குடும்பத்தில் தொடர்கின்றன. அதற்காக எந்தத் தாம்பூலத் தட்டு திரும்பிப் போயிற்று? இவ்வச்சத்தால் நோயை மறைத்து மணம் முடிக்கின்றனர். மணமான பின் மாத்திரையையும் மறைக்கின்றனர். மறைக்க முடியாத நாளில் மாத்திரையை நிறுத்துகின்றனர். அதன்பின் வருவது யாவரும் அறிந்ததே.

கோயிலடியார் சிலர் நம்மேல் சினப்பர். அவர்க்கு ஒன்று சொல்வோம். திருவிழாவில் அருள் வந்து ஆடி, ஒரு நாழிகையில் தெளிந்து, மறுநாள் வேலைக்குப் போகிறவரை நாம் நோயாளர் என்னவில்லை. திருவிழா முடிந்து பத்து நாளாகியும் உறங்காமல், உண்ணாமல், ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறவரைப் பற்றியே பேசுகிறோம். அவருக்குக் கயிறு கட்டிப் பயனில்லை. கும்பிடுவதைக் கும்பிடுங்கள், ஆனால் வைத்தியரிடம் போகும் வழியில் கும்பிடுங்கள்.

வைத்தியம் உண்டா? உண்டு, அதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது கைதியானோருள் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மனநோய் வைத்தியரும் ஒருவர். மூன்றாண்டுக்கு மேல் சாங்கியில் சிறைப்பட்டு, அங்கும் மனங்கலங்கிய கைதிகளைக் கவனித்து வந்தார். மனநோய்க்கு உடலிலேயே காரணம் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு நாடு திரும்பி, ஆராய்ந்து, லித்தியம் என்னும் உப்பு எழுச்சியைத் தணிப்பதைக் கண்டார். பத்து எழுச்சி நோயாளர்க்கு அதனைக் கொடுத்துக் கண்ட பயனை 1949-இல் வெளியிட்டார். அவ்வுப்பு இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உளது. வேறு மாத்திரைகளும் பின்னர் வந்துள்ளன. லித்தியம் உண்பவர் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைராய்டையும் தவணைப்படி சோதித்துக்கொள்ளல் வேண்டும். வெயிலில் வியர்த்து உழைப்பவர் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்து ஏறி நஞ்சாகும். இவ்வளவு எச்சரிக்கையோடு உண்டால் பல்லாயிரவர் வாழ்வைக் காத்த மருந்து அது.

மருந்து இருந்தும் பயன் என்? நிம்ஹான்ஸ் கணக்கின்படி இந்தியாவில் இந்நோயாளருள் நூற்றுக்கு 70 பேர் வைத்தியமின்றி இருந்தனர். வைத்தியமற்ற நோய் சும்மா இருப்பதில்லை. இந்நோயுடையோர் தற்கொலையால் இறப்பது பொதுமக்களைவிட இருபது மடங்குக்கு மேல். அவர்கள் ஆயுள் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் குறைகிறது. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 முதல் குற்றமன்று. மலேசியாவிலும் 2023-இல் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. சட்டமே மனம் மாறிவிட்டது; நம் சமூகம் மாறவில்லை. பேராக்கில் 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். நம்மவரோ இன்னும் பழைய பெயரையே வசைச்சொல்லாக வைத்துக்கொண்டு, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டும்" என்று வாய்ச்சண்டையில் வீசுகின்றனர். குணமாகும் இடத்தின் பெயரையே வசையாக்கிவிட்டால் எந்த நோயாளன் அங்கே தானாகப் போவான்?

ஆதலின் நாம் கேட்பது இவை. ஒரு வாரமாக உறக்கமின்றி ஒருவர் நிலைமாறி நடந்தால், பூசாரிக்குச் சொல்லுமுன் டிரசருக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ சொல்லுங்கள். அங்கே குடிமக்கள் செலுத்தவேண்டிய கட்டணம் சொற்பம். சோர்வுக்காக வைத்தியரிடம் போகும்போது, முன்னர் வந்த எழுச்சியையும் மறவாமல் கூறுங்கள். அதை மறைத்தால், சோர்வுக்கு மட்டும் கொடுக்கும் மருந்து எழுச்சியைக் கிளப்பிவிடக் கூடும். தெளிந்துவிட்டது என்று வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் வாய்திறந்தால், அதைப் பயமுறுத்தல் என்று தள்ளாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தாரே! ஆண்டு விழாவில் ஒரு நாழிகை ஒதுக்கி ஒரு வைத்தியரைத் தமிழில் பேசச் செய்யுங்கள். கணக்கெடுப்பு நடத்துவோரே! தமிழ் ஒன்றே அறிந்தவரையும் தமிழிலேயே வினவி எண்ணுங்கள்.

"நம் குடும்பத்தில் கிடையாது" என்று இனி ஒருவர் கூறினால், அடுத்த கல்யாணப் பந்தியில் அவரை உட்காரவைத்து, வரிசையாகத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். அவருக்கு அருகிலேயே அவர் மகன் உட்கார்ந்திருப்பான்.